சகாயத்தின் கத்தி படாத இடம்

"கொலையா சாரே, களவா?" என்று கேட்டாள் செல்லபாய். அவள் ஓட்டிய ஸ்கூட்டர் ஓர் அன்னாசிப்பழ லாரிக்கும் ஒரு பள்ளத்துக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தது.

"களவு" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த ரசலையன். "கட்டைவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு."

"அப்போ நாம இன்னும் வளரல்லியாக்கும். போன மாசம் காணாம போனதாவது ஆட்டுக்குட்டி."

ரசலையன் வணிகவரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மறு வாரமே நாகர்கோவிலில் ஒரு மாடிப்படியின் அடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். தொழில் நேரத்தில் எழுத்துத் தமிழில்தான் பேசுவார். அதுதான் நிபுணருக்கு அழகு என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். செல்லபாய் அவருக்கு உதவியாளர், ஓட்டுநர், சம்பளம் தாமதமாகும் மாதங்களில் மனசாட்சி.

அழைத்தவள் கிரேசி என்ற பெண்மணி. கணவர் சகாயத்துக்குக் குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம். விஷயம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது என்றதும் ரசலையன் உடனே ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே முன்முடிவுகளும் கிடையாது என்பது அவர் கட்சி.

கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. சந்தையைத் தாண்டியதும் மூக்கே வழி சொன்னது. சிரட்டையிலும் மரப்பட்டையிலும் உறைந்துபோன ரப்பர் பாலை உரித்து, உருண்டையாக்கி, எடைக்குக் கொண்டு வருவார்கள். ஒட்டுபால் என்று பெயர். எடை கொஞ்சம் கூடட்டும் என்று உள்ளே ஒரு கல்லை வைத்து உருட்டும் கலைஞர்களும் உண்டு. அந்தக் கலைஞர்களால்தான் சகாயம் கையில் எப்போதும் ஒரு பிச்சாத்திக் கத்தி இருந்தது. வருகிற ஒவ்வொரு உருண்டையையும் குறுக்கே வெட்டி, உள்ளே பார்த்து, அதன் பிறகே தராசில் போடுவார். பழக்கம் கடையோடு நிற்கவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த அல்வாவையும் நடுவே வெட்டிப் பார்த்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

சகாயம் விவரம் சொன்னார். அந்த ஜனவரியில்தான் வாட் வரி வந்திருந்தது. கையெழுத்துக் கணக்கு இனி ஆகாது, கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று தக்கலை ஆடிட்டர் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் வாங்குவது எளிதாக முடிந்தது. அதற்குப் பூப்போட்ட துணி உறை தைத்ததும் ஒரே நாளில் முடிந்தது. கணக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் வருஷம் பாதி போய்விட்டது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட அவர் இவ்வளவு யோசித்ததில்லை.

மென்பொருள் மாப்பிள்ளைகள் இருவரும் வாசல் பெஞ்சில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், தாலி யார் கட்டுவது என்று இன்னும் முடிவாகாத கல்யாண வீடு மாதிரி.

ஒருவன் கோட்டாறு பர்வேஸ். அவன் விற்பது 'கணக்கரசி'. அதை ஓட்ட, கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு சின்னத் துண்டைச் செருக வேண்டும். 'லாக்கு' என்றார்கள். அது இல்லாவிட்டால் கணக்கரசி கண் திறக்க மாட்டாள். தொலைந்தால் கம்பெனி வேறு தராது. முதலிலிருந்து முழு விலை கொடுத்து வாங்க வேண்டும்.

இன்னொருவன் மார்த்தாண்டம் பிரைட்டன். அவன் விற்பது 'ஸ்பீடு கணக்கு'. லாக்கு கிடையாது, ரசீது கிடையாது, எங்கிருந்து வந்தது என்ற வரலாறும் கிடையாது. ஒரு சிடி, அதன் மேல் பேனாவால் எழுதிய பெயர், அவ்வளவுதான். என்ன தப்பாகப் போட்டாலும் கடைசியில் கூட்டுத்தொகை சரியாகவே வரும். பிரைட்டன் இதை ஒரு சிறப்பம்சமாகச் சொன்னான்.

"எங்க சாருக்கு ஒண்ணு எடுத்து வையும்" என்றாள் செல்லபாய். "அவருக்க கேசும் அப்படித்தான் முடியும்."

வியாழக்கிழமை பர்வேஸ் வந்து, வீட்டார் கடையார் எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கணக்கரசியை ஓட்டிக் காட்டியிருந்தான். கடைசியாக ஒரு பட்டனை அமுக்கினான். 'ஆள்வாரிக் கழிவு' என்று ஒரு பக்கம் திறந்தது. யார் எவ்வளவு எடை கொண்டுவந்தார், காய்ந்து கழிவு போன பிறகு எவ்வளவு நின்றது என்று பெயர் பெயராகக் காட்டும். நாளை முதல் வரும் எடையைப் போட்டுவிட்டால் இனி உங்களை ஒருவனும் ஏமாற்ற முடியாது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, லாக்கைச் செருகியபடியே விட்டுப் போனான். மறுநாள் காலையில் லாக்கைக் காணவில்லை.

கம்ப்யூட்டர் அறைச் சாவி கணக்கெழுதும் ஜிஷாவிடம் இருந்தது. ஆகவே எடுத்தது ஜிஷா. சகாயத்தின் துப்பறிதல் அத்துடன் முடிந்திருந்தது. சாயங்காலம் நாலு மணிவரை தவணை. அதன் பிறகு போலீஸ் ஸ்டேஷன்.

ஜிஷா தன் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது. இந்தக் கல்யாணத்துக்கு ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் வந்த பெண்ணின் பெயரை வாசித்தால், ஆட்சேபம்கூட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஒரு இருமல் போதும்.

"எடுத்து நான் என்ன செய்ய சாரே?" என்றாள் ஜிஷா. "எனக்க வீட்டில கம்ப்யூட்டரே இல்ல. அத காதிலயா போட?"

"காதுக்குன்னா ரெண்டு வேணுமே மக்கா" என்றாள் செல்லபாய். "ஒண்ணுதானே காணாம போயிருக்கு. நீ எடுக்கல்ல."

அன்று முழுக்க அந்தப் பெண் ஒரே ஒரு முறை சிரித்தாள். அது இப்போதுதான்.

ரசலையன் முதலில் பிரைட்டனைப் பிடித்தார். போட்டிக்காரன், கண்ணைப் பார்த்துப் பேசாதவன், அவருக்குப் பிடித்த வகைக் குற்றவாளி. பிரைட்டன் துளியும் பதறவில்லை. லாக்கு போட்ட மென்பொருளை லாக்கு இல்லாமல் திறப்பதுதான் தன் தொழில் என்றும், அதைக் களவாடினால் தன் தொழிலுக்கே அவமானம் என்றும் விளக்கினான். பக்கத்தில் இருந்த பர்வேஸ் இதைக் கேட்டுத் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

அடுத்து அறையைச் சோதித்தார். சோதிக்க அதிகம் மிச்சமில்லை. சகாயம் ஏற்கெனவே பிச்சாத்தியோடு ஒரு சுற்று வந்திருந்தார். கம்ப்யூட்டர் பெட்டி திறந்து கிடந்தது. குளியலறை சோப்பு இரண்டாக அறுபட்டிருந்தது. வாழைக்குலையில் காய்கள் பிளந்திருந்தன. பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் பத்திரப்படுத்தியிருந்த புதிய சுழல் நாற்காலியின் மெத்தை நீளவாக்கில் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. அதைக் காட்டும்போது மட்டும் சகாயம் பஞ்சை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டார்.

செல்லபாயை அடுக்களைக்கு அனுப்பினார் ரசலையன், கிரேசியை விசாரிக்க. செல்லபாயின் விசாரணை என்பது முதல் சாயாவில் தொடங்கும். அன்று நான்காவது சாயாவரை நீண்டது. கிரேசி என்ன சொன்னாலும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இவள் எழுந்து போவாள் என்று காத்திருந்த மாதிரி. ஆனால் பலகாரம் இருக்கும்போது எழுந்து போகிற பழக்கம் செல்லபாய்க்கு இல்லை.

மத்தியானம் இருவரும் கொல்லைப்பக்கம் நின்று பேசினார்கள்.

"வீட்டுக்காரி நல்ல பக்தி சாரே" என்றாள் செல்லபாய். "உலையில போடுததுக்கு முந்தி கோயிலுக்குன்னு ஒரு பிடி அரிசி எடுத்து மாத்தினா. அதுக்குன்னு சிலுவை வரஞ்ச ஒரு தகரம் இருக்கு. ஆனா அரிசி போனது டம்ளருக்கு. இன்னைக்கு கர்த்தருக்கு டம்ளர்லதான் அளக்குதா போல."

"தேவையான செய்தியாகச் சொல்."

"தேவையானதுன்னா, புருஷனுக்கு பெண்டாட்டி மேல பெரிய பிரியம். அந்தா பாருங்க." கருவேப்பிலைச் செடியைக் காட்டினாள். அதன் மூட்டில், அடித்தண்டைச் சுற்றி வட்டமாக உருண்டைக் கற்கள், ஒரு வரிசைக்கு மேல் இன்னொரு வரிசை, அதற்கு மேல் இன்னொன்று. செடியைவிடக் கல் அதிகம். "ஒண்ணொண்ணா அவரே கொண்டு வைப்பாராம். நான் கருவேப்பிலன்னா உசிரு, அதுக்காக்கும்னு சொல்லுதா. கல்லுக்கு மேல தோலு மாதிரி என்னமோ வெள்ளையா ஒட்டிக் கிடக்கு. பெயிண்டு அடிச்சிருப்பாராயிருக்கும்."

ரசலையன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி நின்றார். பத்து வருடத்தில் ஒருமுறை அவருக்கு யோசனை வரும். அப்போது இப்படித்தான் நிற்பார்.

"செல்லபாய், இந்த மனிதர் எல்லா இடத்திலும் கத்தி வைத்துப் பார்த்துவிட்டார். பொருள் கிடைக்கவில்லை. ஆகவே எங்கே தேடினார் என்று பார்ப்பதில் பயனில்லை. எங்கே தேடவில்லை? அவர் கத்தி படாத இடம் எது? எடுத்தவருக்கு அந்த இடம் தெரியும்."

செல்லபாய் கிண்டல் எதுவும் சேர்க்காமல் கிடங்குப் பக்கம் நடந்தாள். அவள் தரும் அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

கிடங்கில் அந்த இடம் உடனே கிடைத்தது. எல்லா ஒட்டுபாலும் வெட்டுப்பட்டுக் குவிந்து கிடக்க, மூலையில் ஒரே ஒரு சாக்கு வாய் தைத்தபடி தனியாக இருந்தது. அது யாருடையது என்று ரசலையன் கேட்டார்.

"அது எனக்க அளியனுக்கது" என்றார் சகாயம். "கிரேசிக்க மூத்த அண்ணன், சிலுவைதாசன். வெள்ளிக்கிழம காலத்த கொண்டு போட்டாரு. அதத் தொடாண்டாம்."

"நீங்கள் ஒருவருடைய சரக்கையும் நம்புவதில்லையே."

"அளியனுக்க சாக்கில கத்தி வச்சா அப்புறம் எனக்கு இந்த வீட்டில சோறு உண்டா சாரே?"

ரசலையன் சிரித்தார். காரணமும் ஆளும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது. கழிவுக் கணக்கு வந்தால் யாருக்குச் சிக்கல்? இதுவரை கத்தி படாத ஆளுக்கு. அவன் லாக்கை எடுத்து, தன் உருண்டைக்குள் அமுக்கி, தன் சாக்கிலேயே வைத்துத் தைத்திருக்கிறான். இரண்டு நாளில் லாரி ஏறிப் போய்விடும். ரசலையன் சகாயத்தின் கையிலிருந்து பிச்சாத்தியை வாங்கிச் சாக்கின் வாயைப் பிரித்தார். முதல் உருண்டையை எடுத்து ஓங்கி வெட்டினார்.

கத்தி பாதியில் நின்றது. கைவரை அதிர்ந்தது.

"கல்லுல்லா இது" என்றார் ரசலையன். எழுத்துத் தமிழ் எங்கோ போய்விட்டது.

அடுத்ததிலும் கல். அதற்கடுத்ததிலும் கல். லாக்கு இல்லை.

சகாயம் கல்லைப் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிடங்குக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"கிரேசிக்குத் தெரியாண்டாம் சாரே. அண்ணன்னா அவளுக்கு தெய்வமாக்கும்."

வருஷக்கணக்காக அவருக்குத் தெரியும். எல்லாரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து கல்லை எடுத்துவிட்டு, வாயே திறக்காமல் இருந்து வந்திருக்கிறார். கல்லை என்ன செய்வார் என்று ரசலையன் கேட்டார். சகாயம் கொல்லைப்பக்கம் கண்ணைக் காட்டினார். செல்லபாய்க்கு மட்டும் கருவேப்பிலை மூட்டில் பார்த்த வெள்ளைத் தோல் நினைவுக்கு வந்தது. பெயிண்ட் அல்ல அது. 

ரசலையனுக்கு அடுத்த குற்றவாளி கிடைத்துவிட்டார். தொண்டையைச் செருமி எழுத்துத் தமிழை மீட்டுக்கொண்டார்.

"அப்படியானால் குற்றவாளி நீங்கள்தான். கழிவுக் கணக்கு திறந்தால் உங்கள் மனைவிக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் மாதக்கணக்காக இரண்டு மென்பொருளையும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்ததும் லாக்கை ஒளித்துவிட்டு, பழியை அந்தப் பெண் மேல் போட்டீர்கள்."

மாதக்கணக்காக இழுத்தடித்தது உண்மைதான் என்று சகாயம் ஒப்புக்கொண்டார். லாக்கை எடுக்கவில்லை என்று மாதாவின் மேல் சத்தியம் செய்தார். ரசலையன் சத்தியத்தை ஏற்கும் மனநிலையில் இல்லை.

"சாரே, அந்த நாற்காலி" என்றாள் செல்லபாய்.

"எந்த நாற்காலி?"

"உறை கழத்தாத்த நாற்காலி. லாக்கு எங்க இருக்குன்னு தெரிஞ்ச மனுஷன் சோப்ப அறுத்துக் காட்டுவாரு. வாழக்காயப் பிளந்து காட்டுவாரு. புது நாற்காலிய கிழிப்பாரா? இவரா?"

இருவரும் சகாயத்தைப் பார்த்தார்கள். அந்த முகத்தில் நாற்காலியின் துக்கம் இன்னும் இருந்தது. ரசலையன் தன் வழக்கை அங்கேயே கைவிட்டார்.

அப்போது வாசலில் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. கோயில் சங்கத்துப் பெண்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசியைச் சாக்கில் தட்டி எடுத்துப் போகிறவர்கள்.

செல்லபாய் சட்டென்று நிமிர்ந்தாள்.

"மொதலாளி, உங்க கத்தி படாத்த எடம் இன்னொண்ணு உண்டா? அளியனுக்க சாக்கு ஒண்ணு. கர்த்தருக்க தகரம்?"

"சே, அதிலயா" என்றார் சகாயம். "கோயிலுக்கு வச்சதில ஆராவது கை வைப்பாவளா?"

செல்லபாய் ஓடினாள். பின்னால் ரசலையன் மூச்சு வாங்கினார்.

அடுக்களையில் கிரேசி சிலுவை வரைந்த தகரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெளியே சங்கத்துப் பெண்களிடம், இந்த வாரம் அரிசி இல்லை, அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தகரம் நிறைந்து மூடி பாதி தூக்கி நின்றது. பக்கத்து டம்ளரில் காலையில் எடுத்த ஒரு பிடி அப்படியே கிடந்தது. சங்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

"அரிசிய தகரத்தில போடாம டம்ளர்ல போட்டது, நான் பக்கத்தில இருந்ததுகொண்டுதானே அக்கா?" என்றாள் செல்லபாய். "மூடிய தொறந்தா நான் எட்டிப் பாப்பேன்னு."

கிரேசி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க ஒருக்கா எழிச்சிப் போனா எடுத்து மாத்திருப்பேன். சாயா சாயான்னு அடுக்களைய விட்டு எறங்கேல்லியே."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு திருவிழாவுக்குப் பிறந்த வீட்டுக்குப் போனபோது, அண்ணன் ஆற்றங்கரையில் கல் பொறுக்கி ஒட்டுபாலுக்குள் வைத்து உருட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். கண்டித்தும் கேட்கவில்லை. கழிவுக் கணக்கு திறந்தால் புருஷனுக்குத் தெரிந்துவிடுமே என்று, வியாழக்கிழமை ஜிஷா அறையைப் பூட்டுவதற்கு முன்பே லாக்கை உருவி, அவர் கை வைக்காத ஒரே பாத்திரத்தில் போட்டாள். ஜிஷா மேல் பழி விழும் என்று நினைக்கவில்லை. விழுந்த பிறகு, துப்பறிகிறவரைக் கூப்பிட்டால் திங்கட்கிழமைவரை புருஷன் ஸ்டேஷனுக்குப் போகமாட்டார், அதற்குள் மூன்றாவது ஓலையும் வாசித்துவிடுவார்கள், பிறகு லாக்கை எங்கேயாவது கிடைத்த மாதிரி போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டாள். புருஷன் நாலு மணி என்று தவணை வைத்ததில் அந்தக் கணக்கு தவறிவிட்டது.

"அதற்கு என்னை ஏன் அழைத்தீர்கள்?" என்றார் ரசலையன், கொஞ்சம் பெருமையோடு.

"பேப்பர்ல உள்ளதில உங்களுக்க விளம்பரமாக்கும் ஆகச் சின்னது. நீங்க கண்டுபிடிக்க மாட்டியன்னு நெனச்சேன் சாரே."

செல்லபாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அவியளுக்குத் தெரியாண்டாம்" என்றாள் கிரேசி. "ஊரில ஆரயும் நம்பாத்த மனுஷன். எனக்க அண்ணன ஒருத்தரத்தான் நம்புதாவ. அந்தச் சாக்கில மட்டும் கத்தி வைக்கமாட்டாவ. அது பொய்யின்னு தெரிஞ்சா தாங்குவாவளா?"

ரசலையன் வாயைத் திறந்தார். செல்லபாய் அவர் காலை மிதித்தாள். பிறகு கிரேசியைக் கைபிடித்து எழுப்பி, கருவேப்பிலை கொஞ்சம் வேண்டும், பறித்துத் தா என்று மட்டும் சொன்னாள். வரும்போது அந்தக் கல்லில் ஒன்றைத் தொட்டுப் பார்க்கவும் சொன்னாள்.

கிரேசி குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். விரல் நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக ஒரு தோல் உரிந்து, இழுத்த இழுப்புக்கு நீண்டு, விட்டதும் சுருங்கியது. ரப்பர் வியாபாரியின் மனைவிக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொரு கல்லை எடுத்தாள். பிறகு வரிசையின் அடியில், பாசி பிடித்துக் கிடந்த பழைய கல் ஒன்றை. அதிலும் அதே தோல். குந்தியிருந்தபடியே வரிசைகளை அடியிலிருந்து மேல்வரை விரலால் எண்ணினாள்.

எழுந்ததும் தகரத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். சகாயம், ஜிஷா, பெஞ்சில் இருந்த இரண்டு மாப்பிள்ளைகள் எல்லார் முன்னாலும் மேசையில் அரிசியைக் கொட்டினாள். அரிசி மாவு பூசிக்கொண்டு லாக்கு வந்து விழுந்தது.

"நானாக்கும் எடுத்தது" என்றாள். "பிள்ள எடுக்கல்ல."

ஜிஷாவிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். சகாயத்தையும் கேட்க வைத்தாள். அவருக்கு அந்த வார்த்தை பழக்கமில்லாததால் இரண்டு தடவை இருமிவிட்டுச் சொன்னார். நாளைக்குக் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்து மூன்றாவது ஓலையைக் கேட்பதாகவும் சொன்னார். எந்த மென்பொருள் வேண்டும் என்று ஜிஷாவே முடிவு செய்யட்டும் என்று கிரேசி சொன்னபோது, அதற்கும் எதிர்ப்பு இல்லை.

ஜிஷா லாக்கை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"கணக்கரசி போதும். இத கல்யாணம் கழிஞ்சு வந்தும் நானாக்கும் வச்சிருப்பேன். எனக்க கையில இருந்து கேட்டு வாங்கணும், மொதலாளியானாலும்." பிறகு பர்வேஸ் பக்கம் திரும்பினாள். "இதில கல்லுக்குத் தனியா ஒரு கட்டம் உண்டா?"

பர்வேஸ் திகைத்துப்போய், அடுத்த பதிப்பில் வரும் என்றான். பிரைட்டன், தன்னுடையதில் கல்லைப் போட்டாலும் கூட்டுத்தொகை சரியாக வரும் என்று சொல்லிப் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை.

சகாயம் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் பிச்சாத்தி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார்.

"நீ என்னத்துக்கு எடுத்த கிரேசி?"

கிரேசி சிந்திய அரிசியை ஒரு மணி விடாமல் வழித்துத் தகரத்தில் போட்டாள். மூடியை அமுக்கினாள். திறந்திருந்த கிடங்குக் கதவு வழியே, மூலையில் வாய் பிரிந்து கிடந்த அண்ணனின் சாக்கை ஒருமுறை பார்த்தாள்.

"இனி கல்லு கொண்டு வராண்டாம்" என்றாள். "கருவேப்பில மூட்டில எடம் இல்ல."